காக்கையின் பங்கு

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அப்புறம் அந்தச் சிரிப்பே குத்தும். இத்தனை வருஷத்தில் இந்த வரிசை மாறவே இல்லை. பேரைச் சொல்லமாட்டேன். வாலிநோக்கம் பக்கம் அவளைத் தெரிந்தவர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவளைப் பற்றித் தெரிந்ததை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் மறைக்க வேண்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

நான் உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் நெல்லும் மிளகாயும் விளைகிற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி, உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த என் வீட்டுக்காரரோடு அந்தக் கடற்கரைக்கு வந்தபோது சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். இருபது இருபத்தைந்து ஓலைக் குடிசைகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புப் பாத்தி. எங்கள் குடிசைக்கும் அவள் குடிசைக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலிதான். அவள் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. செல்லம் என்று ஒரே மகள், அப்போது மூன்று வயது. வீட்டில் சாமான் என்று பார்த்தால் இரண்டு மண்சட்டி, ஒரு அரிவாள்மனை, ஒரு ஓலைப்பெட்டி. அந்த ஓலைப்பெட்டி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். வழியில் எது கிடந்தாலும் அதற்குள் போய்விடும்.

நான் குடிவந்த மறுநாள் காலையில் வேலிக்கு மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டை நீண்டது. கொஞ்சம் கங்கு போடச் சொன்னாள். அடுப்பிலிருந்து நெருப்புத் துண்டு இரண்டை எடுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தச் சிரட்டை வந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம் என்று கேட்டுவிட்டேன்.

"நீதான் எப்பிடியும் பத்தவைக்கிற. ஒரே நெருப்புக்கு ரெண்டு குச்சிய எதுக்கு கெடுக்க?" என்றாள்.

அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அவளோடு பேச்சுக் கொடுத்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும். நியாயம் அவள் பக்கமே நிற்கும். நமக்குத்தான் எங்கேயோ உறுத்திக்கொண்டிருக்கும்.

அங்கே குடிதண்ணீருக்கு மணலைத் தோண்டி, ஊற்று சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அரிசி களைந்த தண்ணீரை அவள் கொட்டி நான் பார்த்ததில்லை. அதில் மீனைக் கழுவுவாள். மீன் கழுவிய தண்ணீர் வேலியோரத்து முருங்கைக்குப் போகும். செல்லத்தைக் குளிப்பாட்டுவதும் அந்த முருங்கை மூட்டில் நிறுத்தித்தான். மரம் தளதளவென்று நிற்கும். பிள்ளை வற்றிப்போய் நிற்கும். மரத்துக்கு ஊற்றுவதில் பாதியைப் பிள்ளைக்கு ஊற்றினால் அதுவும் காய்த்துத் தொங்கியிருக்கும் என்று நான் கேலி செய்வேன். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

உப்பு வண்டிகள் போன பாதையில் சிந்திக் கிடப்பதைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவாள். மண்ணும் உப்புமாகக் கலந்திருப்பதைத் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, அந்தத் தெளிவை அப்படியே குழம்பில் ஊற்றுவாள். என் வீட்டுக்காரர் மனம் பொறுக்காமல் ஒரு பெட்டி நல்ல உப்பைக் கொடுத்தனுப்பினார். அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். யாராவது கொடுத்தால் அவர்கள் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருக்குமாம். கீழே கிடப்பதற்கு அந்தத் தொல்லை இல்லையாம். ரோஷக்காரி. என்னிடம் கங்கு வாங்கினாளே என்றால், நெருப்பு எடுத்தால் குறைவதில்லை, அதனால் அது கொடுத்ததில் சேராது என்பாள்.

இதெல்லாம் சிரிப்பில் சேர்ந்தது. சிரிக்க முடியாததும் உண்டு.

நான் அங்கே குடிபோன வருஷமே எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு மருந்துச் சீசாவைக் கொண்டுவந்தாள். அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டிய பழைய சீசா. அடியில் ஏதோ செம்மண் மாதிரி படிந்திருந்தது. நல்ல மருந்து, குலுக்கிவிட்டுக் குடி என்றாள். யாருக்கு வாங்கியது என்று கேட்டேன். அவள் மாமியாருக்காம். மாமியார் செத்து மூன்று வருஷம்.

"நாலு அளவுதேன் குடிச்சா, அதுக்குள்ள போயிட்டா. மிச்சம் அப்பிடியே இருக்கு. செல்லத்துக்கு மணல்வாரி அம்ம போட்டப்பகூட இதுலதேன் ரெண்டு அளவு குடுத்தேன். பிள்ளைக்கு ஒண்ணும் செய்யலையே" என்றாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அதை வேலியோரத்தில் கொட்டிவிட்டேன். சீசாவைத் திரும்ப வாங்க வந்தவள் ஈர மணலைப் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் தொட்டு மோந்தாள். காலிச் சீசாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் சிரட்டை வரவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. செத்தவளுக்கு வாங்கிய மருந்தைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கிறவள் அடுத்து எதைக் கொடுப்பாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சிரட்டை வந்தது. நானும் கங்கைப் போட்டேன். பயமும் அதோடு போய்விட்டது.

அவள் புருஷனுடைய திவசத்தன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். வாழையிலைக்கு எங்கே போவது, பூவரச இலையில் ஒரு பிடி சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, வேலிக்கு வெளியே நின்று காக்கையைக் கூப்பிட்டாள். ஒரு காக்கை வந்தது. இரண்டு கொத்துக் கொத்தியது. உடனே கையை ஓங்கி அதை விரட்டிவிட்டு, மிச்சச் சோற்றை அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்துப்போன மனுஷனுக்கு வைத்ததைப் பிடுங்குகிறாயே அக்கா என்று கேட்டேன்.

"அவருக்கு இம்புட்டுப் போதும். உசுரோட இருந்தப்பவும் பாதியத் தின்னுட்டு மீதிய எனக்குன்னு வச்சிட்டுத்தேன் எந்திரிப்பாரு" என்றாள்.

சொல்லிவிட்டு, முதல் தடவையாக என் முன்னால் அழுதாள். அழுதுகொண்டே அந்தச் சோற்றை மகளுக்கு ஊட்டினாள். நான் அதற்கப்புறம் அவளைக் கருமி என்று மனதுக்குள்கூடச் சொன்னதில்லை. மகளுக்கு ஊட்டி முடித்த பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டு அலசிக் குடிப்பதுதான் அவள் சாப்பாடு என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடலில் இரண்டு விதமான ஆமை வலையில் விழும். பேராமை கிடைத்தால் ஒரு யோசனையும் இல்லை, அறுத்துப் பங்கு போட்டுவிடுவார்கள். மற்றது அழுங்காமை. அதன் ஓட்டுக்குக் கீழக்கரையில் நல்ல கிராக்கி. கறியும் ருசி என்பார்கள். ஆனால் எப்போதாவது ஒரு அழுங்காமையின் உடம்பு முழுக்க விஷமாக இருக்குமாம். கடலுக்குள் அது எதையோ தின்றுவிட்டு வருகிற விஷம். கறியைப் பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. விஷம் இருந்தால் ஈரலில்தான் கூடுதலாக நிற்குமாம். அதனால் அழுங்காமையின் ஈரல் முழுவதும் காக்கையின் பங்கு. மணல்மேட்டில் இலை போட்டு அதை வைத்துவிட்டு எல்லாரும் தள்ளி நிற்பார்கள். காக்கை தின்றால்தான் கறியைத் தொடலாம். கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் அத்தனை கறியையும் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தண்டல். படகுக்குத் தலைவரைத் தண்டல் என்பார்கள். அந்தக் குடியிருப்பில் ஆமை அறுக்கிற கை அவருடையது. அவருடைய பாட்டன் காலத்தில் யாரோ அவசரப்பட்டுத் தின்று, ஒரு வீடே படுத்த பாயிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

நான் வந்த பிறகு இரண்டு மூன்று தடவை இதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காக்கைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன. ஒவ்வொரு தடவையும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்புவாள்.

"நானும் பொறந்ததுலருந்து பாக்குறேன், என்னைக்காச்சும் காக்கா வேணாம்னு போயிருக்கா? அது எதத்தேன் வேணாங்கும்? பிஞ்ச செருப்ப வச்சாலும் கொத்தும். அதுக்குப் போயி இம்புட்டு ஈரல்" என்பாள்.

நான் சிரிப்பேன். அவள் பேச்சில் அப்போதும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் சொல்லப்போகிற வருஷம் ஆனி மாதம் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் கடலில் ஒரு படகுகூட இறங்கவில்லை. எல்லா வீட்டிலும் கேப்பைக் கூழ்தான். அக்கா காய்ந்த பனங்கிழங்கை இடித்து, மாவைக் கூழில் கலந்து, ஒரு பிடி கேப்பையை நாலு நேரத்துக்கு இழுத்தாள். இழுத்தது அவளுக்குச் சரி. செல்லம் தாங்கவில்லை. ஐந்து வயது முடிந்த பிள்ளை, நகமெல்லாம் வெளுத்து, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடும். உப்பளத்து ஆட்களைப் பார்க்க வாரம் ஒருமுறை சைக்கிளில் வரும் கம்பவுண்டரிடம் நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தவர், உடம்பில் ரத்தமே இல்லை என்றார். ஈரல் கொடுக்கச் சொன்னார், முட்டை கொடுக்கச் சொன்னார். இப்படியே விட்டால் அடுத்த காய்ச்சலைப் பிள்ளை தாங்காது என்றும் சொன்னார்.

எங்கள் கோழி இட்ட முட்டை ஒன்றைக் கொடுத்தேன். பிள்ளைக்கு என்பதால் வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு முட்டையை மூன்று நாளைக்கு வைத்துக் கொடுத்தாள். இரண்டாவது முட்டையை வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். ஆட்டு ஈரலுக்கு எங்கே போவது என்று மட்டும் ஒருதரம் கேட்டாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை, முருங்கையைக் கேட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரமே ஒருநாள் காலையில் காற்று சற்று அடங்கியது. கரையிலிருந்தே வலை போட்டு இழுத்தார்கள். கொஞ்சம் சூடை மீனும், அதோடு ஒரு சின்ன அழுங்காமையும் வந்தன. மூன்று வாரப் பட்டினிக்குப் பிறகு கறி. கரையில் ஒரே கூட்டம். அவரவர் சட்டியோடு வந்து நின்றார்கள். தண்டல் அறுத்தார். அவர் மகன் முனியசாமி ஓட்டைப் பிடித்துக்கொண்டான். படகில் பங்கில்லாத கைம்பெண் என்பதால் மீனை ஆய்வதும் குடலைக் கழுவுவதும் அக்காவின் வேலை. அதற்குக் கூலியாக அந்தக் குடலையே எடுத்துக்கொள்வாள். சூடைக் குடல் ஓலைப்பெட்டியில் இருந்தது. தண்டல் ஆமை ஈரலை எடுத்து இலையில் வைத்து, கொண்டுபோய் மேட்டில் வைத்துவிட்டு வா என்று அவளிடம் கொடுத்தார். அவர் அவளைப் பெற்ற மகளைப் போல நினைத்தவர்.

நான் மேட்டுக்குப் பக்கத்தில் உடைமரத்து நிழலில் செல்லத்தை உட்காரவைத்துக்கொண்டு நின்றேன். அக்கா வந்தாள். ஆண்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். ஓலைப்பெட்டியிலிருந்த சூடைக் குடலை இலையில் கொட்டினாள். ஈரலைப் பெட்டிக்குள் வைத்து, மேலே முருங்கைக் கீரையைப் போட்டு மூடினாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

அவள் முகத்தில் திருட்டுக் களை இல்லை. செல்லத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கம்பவுண்டர் சொன்னதை நீயும்தானே கேட்டாய் என்கிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் ஆயுசில் நான் செய்த தப்புகளை வரிசை போட்டால் அந்தச் சிரிப்புத்தான் முதலில் நிற்கும்.

காக்கைகள் இறங்கின. கண்மூடித் திறப்பதற்குள் இலை காலியானது. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தண்டல், காக்கா எடுத்துருச்சு, சட்டியக் கொண்டாங்க என்று குரல் கொடுத்தார். பங்கு போட்டார்கள். எனக்கு ஆமைக்கறி பழக்கமில்லை, அதனால் என் வீட்டில் ஆக்கவில்லை. என் வீட்டுக்காரர் தண்டல் வீட்டில் நாலு துண்டு சாப்பிட்டார். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்தே விட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் ஒரு ஈரலை வீணாக்காமல் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அக்கா அந்த ஈரலை ஒரே நாளில் கொடுத்துத் தீர்க்கவில்லை. அவளால் அது முடியாது. மூன்றாகப் பிரித்தாள். மத்தியானம் ஒரு பங்கு, பொழுது சாய ஒரு பங்கு. நாக்கு எரிகிறது என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். மிளகு கூடிப்போயிற்று என்று நினைத்து, மூன்றாவது பங்கைத் தண்ணீரில் அலசி, மறுநாள் விடியக் கொடுத்திருக்கிறாள். அவள் தின்றது சட்டியில் ஒட்டியிருந்ததை மட்டும்தான்.

அந்த மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வாயில் சுண்ணாம்பு வெந்த மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் வாந்தி. தண்டல் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வேலியைத் தாண்டி அக்கா வீட்டுக்குள் போனேன். செல்லம் பாயில் கிடந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதடும் வீங்கியிருந்தது. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"மெள்ளப் பேசு தாயி. பிள்ளை நல்லா உறங்குது. ரெண்டு மாசமா இப்பிடி உறங்கல. ஈரல் புடிச்சிருச்சு" என்றாள்.

நான் பிள்ளையைத் தொட்டு உலுக்கினேன். தலை இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. கண் திறக்கவில்லை. வெளியே யாரோ, ஆமையில் விஷம், ஆமையில் விஷம் என்று சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அக்கா அதைக் கேட்டாள். ஈ ஓட்டிய கை அப்படியே நின்றது. அவள் என்னைத்தான் பார்த்தாள். அவள் கூப்பாடு போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உப்பு வண்டி இரண்டில் வைக்கோல் பரப்பி, ஆட்களைப் படுக்கவைத்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். செல்லம் பாதி வழிகூடத் தாங்கவில்லை. தண்டல் மறுநாள் செத்துப்போனார். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு மாதம் வாய்ப்புண் இருந்தது. அக்கா வாந்தி எடுத்தாள், இரண்டு நாள் கிடந்தாள், எழுந்துவிட்டாள். சட்டியை வழித்துத் தின்கிற பழக்கம் அவளைக் காப்பாற்றிவிட்டது. எதற்காகக் காப்பாற்றியது என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யாருக்கும் அவள்மேல் சந்தேகமில்லை. சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது? இலையில் வைத்ததைக் காக்கை தின்றதை ஊரே பார்த்தது. என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார், நீ பக்கத்தில்தானே நின்றாய், காக்கை தின்றதைப் பார்த்தாயா என்று. பார்த்தேன் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. அதைச் சொல்லி முடித்தபோதுதான் இனி என்னாலும் திரும்ப முடியாது என்று தெரிந்தது. மீதியைச் சொன்னால் அவளை என்ன செய்வார்களோ என்று பயந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்களே, அதற்கும் பயந்தேன்.

காக்கை ஏமாற்றிவிட்டது என்று முனியசாமி சொன்னான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம்பிய காக்கை. தகப்பனை எரித்த கையோடு அவன் காக்கைகள்மேல் திரும்பினான். இளவட்டங்கள் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். உடைமரங்களில் இருந்த கூடுகளைக் கலைத்தார்கள். கவண்கல்லால் அடித்தார்கள். செத்த காக்கை ஒன்றைக் கரையில் கம்பு நட்டுக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒன்று செத்துத் தொங்கினால் மற்றவை நாள் முழுக்கக் கத்தும். அப்புறம் அந்த இடத்தை விட்டே போய்விடும். ஆவணி பிறப்பதற்குள் அந்தக் கரையில் காக்கைச் சத்தம் ஓய்ந்தது. மீன் ஆய்கிற இடத்தில் குடல் கிடந்து நாறியது.

வேலிக்கு மேலே சிரட்டை வருவதும் நின்றுபோயிருந்தது. அக்கா தீப்பெட்டி வாங்கிவிட்டாள். ஒருநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். வாசலில் தட்டு வைத்து, சோறு வைத்து, மீன் துண்டு வைத்து, கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்தாள். பெண்டுகள் கொடுத்துவிட்ட அரிசியில் ஆக்கிய நல்ல வெள்ளைச் சோறு. அவள் வீட்டில் அப்படி ஒரு சோற்றை நான் பார்த்ததில்லை. சாப்பிடவில்லையா என்று கேட்டேன். அது தின்னட்டும் என்றாள். எது என்று நான் கேட்கவில்லை.

முதலில் எப்போதாவது ஒரு காக்கை எங்கிருந்தோ வந்தது. அது தின்று முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் மிச்சத்தைத் தின்றாள். பிறகு அதுவும் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்கார்ந்திருப்பாள். அப்புறம் அந்தச் சோற்றை அப்படியே மணலில் கொட்டிவிடுவாள். கழுவின தண்ணீரைக்கூடக் கொட்டாதவள். பெண்டுகள் வந்து கெஞ்சினார்கள். நான் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். எப்போதாவது இரண்டு வாய் கூழ் உள்ளே போகும். அதையும் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்துவிடுவாள். பிள்ளை போனதில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் உச்சுக் கொட்டியது. அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஐப்பசியில் மழை தொடங்கி உப்பு வேலை முடிந்தது. என் வீட்டுக்காரருக்கு வேறொரு அளத்தில் வேலை அமைந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை எலும்பில் சீலை நிற்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நான் முனியசாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் அக்கா, காக்கைமேல் தப்பில்லை என்று சொல்லிவிடுகிறேன், அந்தக் கம்பைப் பிடுங்கச் சொல்கிறேன் என்றேன்.

அவள் கோபப்படுவாள், வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒருவேளை அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்றுதான் சொன்னேனோ என்னவோ.

"சொல்லு தாயி" என்றாள். "நீ சொல்லுவ சொல்லுவன்னுதேன் இத்தன நாளா இங்கன ஒக்காந்திருக்கேன். என் வாயில வரமாட்டேங்குது."

சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். கை சூடே இல்லாமல் இருந்தது.

வண்டிக்கு வந்தேன். எங்கள் தகரப் பெட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவன் முனியசாமிதான். தகப்பனுக்காக மழித்த தலை இன்னும் முளைத்துக்கொண்டிருந்தது. பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, பாத்துப் போயிட்டு வாங்க மதினி என்றான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நான் வாயைத் திறந்தேன். வாரேன் தம்பி என்றேன்.

வண்டி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் பாத்தி முனையில் வண்டி திரும்புகிறவரை அப்படியே இருந்தாள்.

தை மாதம் அந்தப் பக்கத்திலிருந்து உப்பு ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் சொன்னார். மார்கழிக் கடைசியில் அவள் போய்விட்டாளாம். வீட்டில் பானை நிறைய அரிசி இருந்ததாம். கேட்க ஆளில்லாததால் ஊரே சேர்ந்து அவளை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பதினாறாம் நாள் அந்த அரிசியிலேயே சோறாக்கி இலையில் வைத்திருக்கிறார்கள். முனியசாமிதான் மேட்டில் நின்று வெகுநேரம் கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தானாம். ஒரு காக்கைகூட வரவில்லையாம்.